லுப்பெனிட்ஸில் போய்ச் சேராதவர்கள்

லுப்பெனிட்ஸ் ஊரின் காட்டோரக் கிடங்குக்கு அணு உலைக் கழிவு வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த ஊரில் செத்தவர்கள் யாரும் போய்ச் சேரவில்லை. சாவதெல்லாம் முறைப்படிதான். பாஸ்டர் லோரென்ஸ் ஜெபம் சொல்லுவார், குழியை மூடுவார்கள், வந்தவர்கள் காப்பியும் கேக்கும் சாப்பிடுவார்கள். வீட்டுக்காரர்கள் திரும்பிப் போனால் செத்தவர் அடுப்படி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பேச்சு கிடையாது, சாப்பாடு கிடையாது; உடம்பு மட்டும் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போலக் கதகதவென்றிருக்கும். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு வந்து அவர்களைத் தலைமுதல் கால்வரை அளந்தார். வெறும் சூடுதான், பக்கத்தில் படுத்தும் தூங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். "கிடங்குல இருக்கிற கழிவுக்கு நிரந்தரமா ஒரு இடம் இன்னும் கிடைக்கல. இவங்களுக்கும் கிடைக்கல போல. கிடைக்கிற வரைக்கும் வச்சிருக்க வேண்டியதுதான்" என்றார் பாஸ்டர். அதற்குமேல் யாரும் துருவவில்லை. உருளைக்கிழங்கு தோண்டும் காலம், தலைக்குமேல் வேலை கிடந்தது.

வீப்கேயின் கதை வேறு. கழிவு வரவே கூடாது என்று சாலைக்குக் குறுக்கே டிராக்டரை நிறுத்தியவள் அவள். உறைபனியில், கழிவு ரயில் வரும் தண்டவாளத்தில் உட்கார்ந்து, போலீஸ்காரர்கள் தூக்கிப்போடத் தூக்கிப்போடத் திரும்ப வந்து உட்கார்ந்தவள். "இப்போதைக்குன்னு சொல்லித்தான் வைப்பானுங்க. கடைசியில நம்ம பேரப்பிள்ளைங்க தலையில கட்டிட்டுப் போயிடுவானுங்க, பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அவளுக்குச் சூப் கொண்டுவந்து கொடுத்த கணவர் ஹின்ரிக் கத்தத் தெரியாத மனிதர். கிடங்கு நிறைந்த சில வருஷத்தில், ஐம்பத்திரண்டு வயதில், கிழங்கு வயலிலேயே மாரடைப்பில் விழுந்தார். வீப்கே சவ அடக்கத்தில் அழவில்லை. வீட்டுக்கு வந்து, பெஞ்சில் அவரைப் பார்த்ததும், "பூட்ஸக் கழட்டிட்டு வரக்கூடாதா மனுஷா? தரையெல்லாம் மண்ணு!" என்று ஏசினாள். ஏசி முடித்த பிறகுதான் அழுதாள்.

வருஷங்கள் ஓடின. அந்த அடுப்படிக் கூரையில் மட்டும் பனி தங்குவதில்லை. பூனை ஹின்ரிக்கின் மடியைவிட்டு இறங்குவதில்லை. குளிர்காலத்தில் வீப்கே தன் கால்களை அவர் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஊர்க்கதை சொல்லுவாள். அவருக்கு ஐம்பத்திரண்டே நின்றுவிட்டது, அவள் எழுபதைத் தாண்டினாள். "உனக்கென்னப்பா ராஜா, செத்தவனுக்குச் சுருக்கம் விழுமா?" என்று கிண்டலும் செய்வாள். அதே பண்ணையில் குடியிருந்த மகள் ஆன்ட்யேவுக்குத்தான் தாங்கவில்லை. "அப்பாவ எனக்கும் பிடிக்கும்மா. ஆனா அடுப்பு பத்தவைக்க வர்ற ஒவ்வொரு தடவையும் அவரு எனக்கு மறுபடி சாகறாரு" என்று ஒருநாள் சொன்னாள். வீப்கே கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள்.

இடையில் ஒருமுறை, பரிசோதனைக்கு என்று கழிவு அடைத்த ஒரே ஒரு இரும்புப் பெட்டகத்தை வெளியூருக்கு எடுத்துப் போனார்கள். அது ஊர் எல்லையைத் தாண்டிய அதே நொடியில், முன்பே செத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பால்காரர் ஓலாஃப் கோட்டை மட்டும் விட்டுவிட்டுக் காணாமல் போனார். பெட்டகம் போனால் ஆளும் போவார் என்று ஊருக்கே அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

கிடங்குக்குக் கொடுத்த நாற்பது வருஷ அனுமதி முடிந்தது. இனி என்ன செய்யலாம் என்று மக்களிடம் கேட்க, தீயணைப்புக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வீப்கே பேசுவாள் என்று நாலு ஊர்ச் சனம் காத்திருந்தது. காலையிலேயே பக்கத்துப் பண்ணை கேஷே வந்து நின்றாள். அவள் புருஷனும் வீட்டுப் பெஞ்சில்தான் இருந்தார். "இந்த ஒரு தடவை வாய மூடிட்டு இருடி. உனக்குப் புண்ணியமாப் போகும். உன் ஆளோட என் ஆளையும் சேத்து அனுப்பிடாத" என்று கெஞ்சினாள். அவள் போனபின் வீப்கே ஹின்ரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். விட மனமே இல்லை. தன் கையில் ஏறிய சூடு ஆறுவதற்குள் கூட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்று எழுந்தாள்.

கூடத்தில் வீப்கே மைக்கைப் பிடித்தாள். "என் வீட்டுக்காரர் வீட்டுப் பெஞ்சுல உக்காந்திருக்காரு. அவரு போயிடுவாருன்னு எனக்குத் தெரியும். எனக்கு அவர் வேணும், பொய் சொல்லல, ரொம்ப வேணும். ஆனா என் பேத்தி தலையில இத வச்சிட்டு நான் சாக மாட்டேன். எடுத்துட்டுப் போங்க." ஆன்ட்யே முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டம் நடத்த வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர். எழுந்து நின்றே பதில் சொன்னார். நாடு முழுக்கத் தேடுகிறார்கள், பாறை பாறையாகத் துளைத்துப் பார்க்கிறார்கள், இடம் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே அனுமதியை இன்னொரு நாற்பது வருஷம் நீட்டிப்பதைத் தவிர வழியில்லை.

கூடமே வசைபாடியது. வீப்கே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஊர் பார்க்கும்வரை மெதுவாக நடந்தாள், வளைவு தாண்டியதும் ஓடினாள். ஹின்ரிக் இருந்தார். அவள் உட்காரத் தோதாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். "அடப்பாவி மனுஷா, இருக்கியா!" என்று அவர் மார்பில் முகத்தைப் புதைத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அப்படி ஒரு வெட்கமும் வாழ்நாளில் பட்டதில்லை. இரண்டையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுவாரமே கிடங்கு வாசலில் மறுபடி போய் நின்றாள்.

ஆறேழு வருஷம் கழித்து, வசந்தத்தில், தூக்கத்திலேயே செத்துப்போனாள். அடக்கம் முடிந்து ஆன்ட்யே வீடு திரும்பியபோது அம்மா அப்பாவின் கோட்டுக்குள் கால்களைச் செருகியபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கு அந்தப் பெஞ்சு நெருக்கடியாக இருந்தது. ஆன்ட்யே தச்சரைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று செய்யச் சொன்னாள். வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த தன் மகளை ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்கும் சேத்து மூணு பேருக்கு அடிச்சிடுங்க" என்றாள் மெதுவாக. லுப்பெனிட்ஸில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பதால், தச்சர் மூன்று பேர் நீளத்துக்கே பலகைகளை அறுத்து வண்டியில் ஏற்றி வந்திருந்தார்.