முள் ஒரு விரல் தள்ளி

1

எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் புஷ்பம் இதை எனக்குச் சொன்னார். எழுதுங்கள் என்று சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். பலாங்கொடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய ரேடியோ கடை. மழைக்கு ஒதுங்கினேன். மழையும் விடவில்லை, அவரும் விடவில்லை.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மலைகளைப் பனி மூடியிருந்த ஒரு..." (வேண்டாம். பனியில் ஆரம்பித்த கதைகள் போதும்.)

"கன்னையா கெட்டிக்கார ரேடியோ மெக்கானிக். அவர்..." (கடைக்காரரை ஆணாக்கினால் நீங்கள் சுலபமாக நம்புவீர்கள் என்று நினைத்தேன். ஆனால் இதற்குத் தன் தவறைத் தானே கண்டுபிடிக்கிற ஆள் வேண்டும். கன்னையா இரண்டு பக்கம் முழுக்கப் பழியைக் கரண்ட் மேலேயே போட்டுக்கொண்டிருந்தார். அனுப்பிவிட்டேன்.)

"1997 ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை, புஷ்பத்தின் சிக்னல் ஜெனரேட்டர் செத்துப்போனது." இது நிற்கும்.

2

சிக்னல் ஜெனரேட்டர் மின்சாரம் தருகிற ஜெனரேட்டர் அல்ல. (நானும் அப்படித்தான் நினைத்து, புஷ்பத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) அது ஒரு சின்னப் பெட்டி. முள்ளை எந்த எண்ணில் வைக்கிறோமோ அந்த அலையை உண்டாக்கும். அந்த அலையை வைத்துத்தான் ரேடியோவின் டயலைச் சரிக்கட்டுவார்கள்.

அது செத்த அன்றுதான் தேயிலைத் தோட்டத்திலிருந்து மூக்காயி வந்தார். கொழுந்து பறிப்பவர், விதவை. மகள் சுகந்தினிக்குக் கொழும்புப் பக்கம் கார்மண்டில், ஆடைத் தொழிற்சாலையில், வேலை.

"தங்கச்சி, வெள்ளிக்கிழம நாலேகாலுக்கு எம் மக ரேடியோவுல பேசுதாம். கார்மண்ட் புள்ளைங்கள பேச வைக்கிறாங்களாம். காயிதம் போட்டிருக்கு. ரெண்டு வருஷமா அது கொரலயே நான் கேக்கல. இது என்னடான்னா கொர்ருன்னு எரையுது."

"வெள்ளிக்கிழம காலையில வாங்கக்கா. தந்துருவேன்."

வாக்குக் கொடுத்த பிறகுதான் புஷ்பம் செத்த பெட்டியைப் பார்த்தார்.

3

(இந்தப் பகுதியைச் சுருக்கச் சொன்னார் ஒரு நண்பர். அவருக்கு ரேடியோ கிடையாது.)

பியூஸ் நன்றாக இருந்தது. டிரான்ஸ்போமரும் நன்றாக இருந்தது. ஒரு கெப்பாசிட்டர் வயிறு உப்பி நின்றது. மாற்றினார். உயிர் வந்தது, ஆனால் அலை விட்டுவிட்டு வந்தது. அலைவரிசை மாற்றுகிற சுவிட்சின் பித்தளை நாக்குகள் கறுத்திருந்தன. ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தார். அலை சீராகிவிட்டது.

வேறொருவர் அத்தோடு மூடியிருப்பார். புஷ்பம் வானொலியின் தமிழ்ச் சேவையை ஒரு ரேடியோவில் வைத்து, பக்கத்தில் ஜெனரேட்டரைப் போட்டார். இரண்டு அலைகளும் நெருங்கினால் ரேடியோவில் ஒரு விசில் கேட்கும். தாழ்ந்து தாழ்ந்து அது அடங்கும் இடத்தில் இரண்டும் ஒன்று. விசில் அடங்கியது. முள்ளைப் பார்த்தார். நிலையத்தின் எண்ணிலிருந்து ஒரு விரல் தள்ளி நின்றது.

முள்ளைப் பிடிக்கிற குட்டி ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க மேசையை இழுத்தபோது பெட்டி விழுந்தது ஞாபகம் வந்தது. அப்படியானால் ஒன்பது மாதமாக அவர் சரிக்கட்டிய ஒவ்வொரு ரேடியோவும்...

(வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை.)

4

முள்ளைச் சரியான எண்ணில் வைத்து ஸ்க்ரூவை இறுக்கி, முன்பு தானே பிழையாகச் சரிக்கட்டியிருந்த மூக்காயியின் ரேடியோவை முதன்முதலாகச் சரியாகச் சரிக்கட்டினார். கணீரென்று பாடியது. வெள்ளி காலை மூக்காயி அதைச் சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மத்தியானம் புஷ்பம் அடுத்த ரேடியோவை எடுத்தார். அதுவும் லயத்து ரேடியோதான், முன்பு அவரே சரிக்கட்டியது. டயல் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எண்ணைப் பார்த்து யாரும் ரேடியோ கேட்பதில்லை. தமிழ்ச் சேவை கேட்கிற இடத்தில் பொட்டை ஒட்டி, முள்ளைக் கொண்டுபோய் அதில் நிறுத்துவார்கள். இதையும் சரிக்கட்டிப் பார்த்தார். தமிழ்ச் சேவை பொட்டிலிருந்து ஒரு விரல் தள்ளிக் கேட்டது.

மூக்காயியின் ரேடியோவிலும் பொட்டு இருந்தது.

கடையைப் பாதி சாத்திவிட்டு, தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். "இஸ்ஸரஹாட்ட யன்ன, நங்கி!" என்று சிங்களத்தில் சொல்லி, கண்டக்டர் அவரை முன்னால் தள்ளினார். பஸ்தான் முன்னால் போகவில்லை. பாதி மலையில் டயர் போனது.

(பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு பிரதியும் என்னிடம் உண்டு. அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள். வாசித்துவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.)

5

லயத்தை அடையும்போது ஐந்து மணி. மூக்காயி வாசலிலேயே நின்றார். முகம் பூரித்திருந்தது.

"கேட்டேன் தங்கச்சி! நீங்க முள்ள எங்கயோ தள்ளி வச்சிருந்தீங்க. நான்தான் பொட்டுல கொண்டாந்து நிப்பாட்டுனேன்."

புஷ்பம் உள்ளே எட்டிப் பார்த்தார், முள் பொட்டில்தான் நின்றது. "என்னக்கா பேசுச்சு?"

"சிங்களத்துலயே பேசுச்சுங்க! 'அம்மே, மம ஹொந்தின் இன்னவா'ன்னுச்சு. நான் நல்லா இருக்கேன்னு சொல்லுது. கூட இருக்கிறதெல்லாம் சிங்களப் புள்ளைங்கதானே, பழகிருச்சு. நான் அழுதே போயிட்டேன்."

(அதே நேரத்தில் பக்கத்துச் சிங்கள அலைவரிசையில் யாரோ ஒரு பெண் தன் அம்மாவோடு பேசினாள். இது தற்செயல். கதைக்கு ஒரு தற்செயலுக்கு எனக்கு அனுமதி உண்டு, எடுத்துக்கொண்டேன். மற்ற வீட்டுக்காரர்கள் கேட்கவில்லையா என்றால், அன்று கொழுந்து அதிகம், லயமே மலையில் இருந்தது.)

"கொரலு..." என்று புஷ்பம் இழுத்தார்.

"கொரலு கொஞ்சம் மாறித்தான் போச்சு. ரெண்டு வருஷமாச்சுல்ல. அதுக்காகப் பெத்தவளுக்கு அடையாளம் தெரியாமப் போயிருமா?"

6

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் புஷ்பம் உண்மையைச் சொல்கிறார், மூக்காயி அடுப்படிக்குள் போய்விடுகிறார். மற்றதில் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு இறங்குகிறார். இரண்டையும் கிழித்தேன். எனக்கு இரண்டும் தாங்கவில்லை.

புஷ்பம் இன்னும் அந்த வாசலில் நிற்கிறார். இரண்டு வாரத்தில் தீபாவளி, சுகந்தினி வீட்டுக்கு வருகிறாள். பையை இறக்கியதும் அவள் கேட்கப்போகும் முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும், புஷ்பத்துக்கும் தெரியும். மூக்காயி ஒருவருக்குத்தான் தெரியாது, அவர் தேநீரை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.