கூடைத் தேயிலையின் முதல் தண்ணீர்

முதல் தண்ணீர் கீழே போகிறது, மண்பானையின் சின்ன மூக்கிலிருந்து நூலாக இறங்கி மூங்கில் தட்டின் கீற்றுகளுக்கு நடுவே காணாமல் போகிறது, ஆவி மட்டும் தட்டின் மேல் கொஞ்ச நேரம் நிற்கிறது, ஃபூங் அக்காவின் கையில் இருக்கும் பச்சைக்கல் வளையல் பானையின் மூடியில் ஒருமுறை தட்டுகிறது, இது குடிக்கிற தண்ணி இல்ல, இலையை எழுப்புற தண்ணி, இத்தனை வருஷம் தூங்கினதை மூஞ்சி கழுவிவிட்டுத்தான் கூப்பிடணும் என்கிறாள், நான் தலையாட்டுகிறேன், ஆட்டிய பிறகுதான் நினைவு வருகிறது, அக்கா போய் எட்டு மாதமாகிறது, பானையைப் பிடித்திருப்பது என் கை, இன்னும் ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை.

ஈப்போவில் மழை விட்ட மத்தியானம் இது, சுண்ணாம்பு மலைகளின் இடுப்பில் மேகம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அக்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், நாற்பது வருஷமாக நான் உட்காருகிற அதே நாற்காலி, சுவருக்கு அந்தப் பக்கம் என் வீடு, என் குக்கர் கூவினால் இங்கே கேட்கும், இங்கே ஊதுவத்தி ஏற்றினால் அங்கே மணக்கும். அக்காவின் மருமகள் சியூ லிங் காலையிலேயே கோலாலம்பூரிலிருந்து வந்துவிட்டாள், வீட்டைக் காலி செய்ய வேண்டும், மாடிப்படிக்கு அடியிலிருந்து அந்த மூங்கில் கூடையைத் தூக்கி வந்து என் முன்னே வைத்தாள், அடியில் ஒரு கைப்பிடி மிச்சமிருக்கு, இதுதான் கடைசி, அம்மா கைக்கு அடுத்தது உங்க கைதான், நீங்களே போடுங்க ஆன்ட்டி என்றாள், நான் வெந்நீரை ஊற்றிய நேரத்தில் அவளுக்குப் போன் வந்தது, கியோங்தான், அக்காவின் மகன், அவள் புருஷன், பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும், இருபத்தொன்பது வருஷமாக அக்காவிடம் சொல்லாததை இவளிடமாவது சொல்லிவிட்டுக் குடிப்பதா, அல்லது கடைசி இலையோடு அதையும் கரைத்து விழுங்கிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போவதா.

முதன்முதலாக இந்த வகைத் தேயிலையைக் குடித்த அன்று நான் இந்தத் தெருவுக்குப் புதுசு, என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார், பகலெல்லாம் தனியாக இருப்பேன், ஒருநாள் வேலிக்கு மேலே ஒரு சீனத்து அம்மாவின் தலை தெரிந்தது, தமிழில், அச்சு அசல் நம் தமிழில், ஏம்மா புதுசா வந்திருக்கியா, சாப்பிட்டியா என்று கேட்டது, நான் மிரண்டுபோனேன், அக்காவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் சம்சுச் சாராயக் கடை வைத்திருந்தவராம், நம் ஆட்களோடேயே வளர்ந்தவள், திட்டுவதென்றால் தமிழில்தான் திட்டுவாள். இத்தனூண்டு கோப்பையில் கறுஞ்சிவப்பாக ஊற்றிக் கொடுத்தாள், பால் ஊத்தலையா அக்கா என்றேன், பால் ஊத்தினா என் மாமியார் குழியிலேருந்து எழுந்து வந்துருவா, பேசாம குடி லா என்றாள். கசக்கும் என்று பயந்தேன், கசக்கவில்லை, மழை நாளில் பழைய மரப் பீரோவைத் திறந்தால் வருகிற வாசனை, அதற்கு அடியில் இன்னொன்று, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, பாக்கு வாசனை வருதே அக்கா என்றேன், அவள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், தேயிலை விக்கிறவனுக்கே இது பிடிபடப் பத்து வருஷம் ஆகும், இவ ஒரே வாயில சொல்லிட்டா பாரு. அந்தப் பாக்கு மணத்துக்காகத்தான் இந்தத் தேயிலைக்கு மதிப்பாம், நனைத்துக் குவித்துப் புளிக்கவிட்டு, கூடையில் அமுக்கி, இருட்டில் வருஷக்கணக்கில் வைத்தால்தான் அது வருமாம், அவசரப்படுகிறவனுக்கு வராதாம். அக்காவின் மாமியார் ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஈயமணல் அலசியவள், வெயிலும் குளிரும் சேர்ந்து உடம்பில் இறங்காமலிருக்க இதைத்தான் குடிப்பார்களாம், கியோங் பிறந்தபோது அந்தக் கிழவி ஒரு கூடை வாங்கிப் படிக்கு அடியில் வைத்துவிட்டுச் சொன்னாளாம், இவன் கல்யாணத்தன்று திறவுங்கள், மருமகள் மண்டிபோட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கிற தேநீர் இதுவாக இருக்கட்டும்.

அந்தக் கூடையைத்தான் நான் திறந்தேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, கியோங் பினாங்கில் படித்துக்கொண்டிருந்தான், அக்காவின் தங்கைக்குச் சிங்கப்பூரில் ஆபரேஷன், இருபது நாள் ஆகும், சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள், பூச்செடிக்குத் தண்ணி ஊத்து, சாமிக்கு மூணு ஊதுவத்தி கொளுத்து, உன் சாமிக்குச் சொல்றதையே அவருக்கும் சொல்லு, புரிஞ்சுக்குவாரு என்றாள். நவம்பர் மாதம், மழை என்றால் அப்படி ஒரு மழை, பதினோராம் நாள் கதவைத் திறக்கிறேன், கூரை ஒழுகி படிக்கட்டெல்லாம் தண்ணீர், கூடையின் அடி ஊறிப்போயிருக்கிறது, பதறிப்போய் இழுத்து மூடியைத் திறந்தால் கருப்பு இலைகளின் மேலே மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள், கடுகைப் பொடித்துத் தூவினது போல, அய்யோ பூஞ்சை பிடித்துவிட்டதே, என்னை நம்பி விட்டுப் போனாளே. நம் வீட்டில் பருப்பில் பூஞ்சை வந்தால் என்ன செய்வோம், அரிசியில் வண்டு விழுந்தால் என்ன செய்வோம், அதையேதான் செய்தேன், மழை விட்டதும் பின் சந்தில் பாயை விரித்தேன், கூடையைக் கொட்டினேன், மெல்லிய துணியால் மஞ்சளையெல்லாம் துடைத்துத் துடைத்து எடுத்தேன், மூன்று நாள் வெயில், தூறல் போடும்போதெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே ஓடுவேன், வெயில் வந்ததும் மறுபடி விரிப்பேன், கையால் கிளறிவிட்டு அங்கேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், காக்கை விரட்ட. என்னிடமிருந்தது அந்த ஒரு பாய்தான், தீபாவளிக்கு மிளகாயும் மல்லியும் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோன பாய், நன்றாக உதறித்தான் விரித்தேன், ஆனால் கோரைக்குள் ஏறின காரம் உதறினால் போகுமா, அப்போது தோன்றவில்லை.

நாலாம் நாள் சந்தைக்குப் போனபோது தேயிலைக் கடைக்காரரிடம் சும்மா கேட்டேன், தவுக்கே, பழைய தேயிலையில் மஞ்சளாக ஏதோ பூக்கிறதே, அது என்ன என்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது, அது தங்கப்பூ, ஆயிரம் கூடையில் ஒன்றில்தான் நல்லபடியாக வரும், வீட்டில் பூத்தால் அதிர்ஷ்டம் என்றார். வெயிலில் காட்டினால் என்றேன். வெயிலிலா, காட்டினவன் கையை வெட்டணும், இது வெயிலையே பார்க்கக் கூடாது, பக்கத்தில் சோப்பு வைத்தால் சோப்பு வாசனை, மீன் வைத்தால் மீன் வாசனை, எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், திருப்பிக் கொடுக்காது என்றார். அன்று மீன் வாங்கினேனா இல்லையா நினைவில்லை, நடந்து வந்தது மட்டும் நினைவிருக்கிறது, ஒவ்வொரு விளக்குக் கம்பமாகப் பிடித்துக்கொண்டு.

அக்கா வந்ததும் சொல்லிவிட வேண்டும், வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், பேச்சை மனதுக்குள் நூறு தடவை கட்டி வைத்திருந்தேன், டாக்ஸியிலிருந்து இறங்கியவள் பெட்டியைக்கூட எடுக்காமல் நேரே என்னிடம் வருகிறாள், காகிதத்தில் சுற்றிய ஒரு படம், பிரித்தால் முருகன், வேலும் மயிலுமாக, கண்ணாடி போட்டது, சிராங்கூன் ரோட்டுல ஒரு கடையில நின்னுக்கிட்டு இருந்தாரு, என் கூட வரீங்களான்னு கேட்டேன், வந்துட்டாரு, மடியிலயே வச்சு ராத்திரி பூரா கொண்டாந்தேன் என்கிறாள். கட்டி வைத்த பேச்சை விட்டுவிட்டுப் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்த முருகன்தான் இன்றைக்கும் என் வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறார், தினம் விளக்கேற்றும்போது என்ன இன்னும் சொல்லலையா என்று கேட்பது போலவே இருக்கும், நாளைக்குச் சொல்லிடறேன்ப்பா என்பேன், கல்லுமலை முருகன் கோயிலில் நின்றும் அதையே சொன்னேன், அந்த நாளைக்கு ஒன்பது வருஷமாகி, கியோங்கின் கல்யாணமும் வந்துவிட்டது.

சிவப்புத் துணி விரித்த நாற்காலிகள், பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், நான் சுவரோரமாக நிற்கிறேன், இப்போது ஒருவர் வாயில் வைப்பார், முகம் சுளிப்பார், செத்துப்போன கிழவியின் கூடைக்கு யார் என்ன செய்தது என்று கேட்பார். அக்கா பானையைத் தூக்கிக்கொண்டு முதல் தண்ணிய கொட்டிட்டு வரேன் என்று அடுப்படிக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள், கண் ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் கலங்கத்தானே செய்யும். அங்க என்ன தூணுக்கு முட்டுக் குடுக்கற, வா, வந்து உக்காரு என்று என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைக்கிறாள், சியூ லிங் மண்டிபோட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டுகிறாள், அவள் உச்சியில் வைத்த பூவைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறேன், பாக்கு மணம் இருக்கிறது, தொண்டையின் அடியில் ஒரு சூடு, அது காரமா, என் மனசாட்சியா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒரு பெரியவர் இன்னும் கொஞ்சம் என்று கோப்பையை நீட்டினார்.

மிச்சத்தை வருஷத்துக்கு ஒரு நாள், தீபாவளிக்கு மறுநாள், நாங்கள் இருவர் மட்டும் குடித்தோம், என் முறுக்கும் அவள் தேநீரும். மற்றத் தேயிலைக்கெல்லாம் முதல் தண்ணீரை என் கண்ணெதிரே தட்டில் கொட்டுவாள், இந்தக் கூடைத் தேயிலைக்கு மட்டும் பானையோடு எழுந்து உள்ளே போவாள், இரு, கொட்டிட்டு வரேன், கொட்டுகிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை, அதை நான் யோசித்ததுமில்லை. பிறகு அக்காவுக்குக் கையும் வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே, அக்கா, அந்தக் கூடை இருக்கில்ல என்று ஆரம்பித்தேன், நல்லாயிருந்த கையால் என் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள், பதில் சொல்ல முடியாதவளிடம் போய் மன்னிப்புக் கேட்பது அவள் வாயைப் பிடுங்குவது போல இருந்தது, நிறுத்திவிட்டேன், அதற்குப் பிறகு கேட்க ஆள் இல்லை.

ஆன்ட்டி, கொட்டிட்டீங்களா என்று சியூ லிங் வாசலிலிருந்து ஓடி வருகிறாள். இல்லம்மா, முதலில் நீ உட்கார், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்கிறேன், மலாயில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம், என் மலாய் இதற்கெல்லாம் போதாது, ஆனாலும் சொல்கிறேன், ஒழுகின கூரையை, தங்கப்பூவை, பாயை, முருகன் படத்தை, உன் கல்யாணத் தேநீரைக் கெடுத்தவள் நான்தான் என்று சொல்கிறேன், சொல்லி முடித்தும் பானையைக் கீழே வைக்காமல் பிடித்திருக்கிறேன். அவள் பானைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்கிறாள். மிளகாய்தானே ஆன்ட்டி, எனக்குத் தெரியுமே என்கிறாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா என்னைக் கூப்பிட்டுத்தான் கூடையைத் திறந்தாங்க, மூடியை எடுத்ததும் மூணு தும்மல், ஒரு இலையை வாயில போட்டாங்க, அப்புறம் உக்காந்து சிரிச்சாங்க பாருங்க, நான் பயந்தே போயிட்டேன், இது பக்கத்து வீட்டுப் பாய், இந்தக் காரத்தை நான் எங்க இருந்தாலும் கண்டுபிடிப்பேன், அந்த வருஷம் கூரை ஒழுகிச்சே, அவ வெயில்ல போடலைன்னா இது அப்பவே மக்கி மண்ணாயிருக்கும், காப்பாத்தினதும் இல்லாம வாயத் திறக்காம பயந்துகிட்டு கிடக்குறா, பைத்தியக்காரின்னாங்க. காரமெல்லாம் முதல் தண்ணியில இறங்கிடும், ஆனா அதைச் சாக்கடையில ஊத்தக் கூடாது, மூணு நாள் வெயில்ல அவ நின்ன நிப்பு அதுல இருக்குன்னு சொல்லி அவங்களே உள்ள போய்க் குடிச்சிடுவாங்க, கண்ணுல தண்ணி வரும், துடைச்சுக்கிட்டு வருவாங்க. அந்தத் தண்ணிக்கு ஒரு பேர்கூட வச்சிருந்தாங்க, எங்க வீட்டுக்கு வந்து தங்கும்போதும் ஒரு பொட்டலம் கொண்டு வருவாங்க, மனசு சரியில்லன்னா, இன்னிக்கு எனக்குக் கொஞ்சம் பக்கத்து வீடு வேணும்பாங்க.

எங்கிட்ட ஏன் சொல்லல என்று கேட்கிறேன். நானும் கேட்டேன் ஆன்ட்டி, சொன்னா அடுத்த தடவை சாவியை வாங்கக் கூசுவா, சாவி குடுக்க எனக்கு வேற யாரு இருக்கான்னாங்க.

மேஜையின் ஓரத்தில் வீட்டுச் சாவி கிடக்கிறது, ஏஜென்டிடம் நாளை கொடுக்க வேண்டிய சாவி, சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு மணிக்கு விளக்கேற்ற வேண்டும், இன்றைக்கு முருகனிடம் சொல்ல என்னிடம் நாளைக்கு என்பது இல்லை. ரொம்ப நேரம் ஊறிவிட்டது, கறுத்துப்போயிருக்கும் என்கிறேன், பரவாயில்ல என்கிறாள், மூன்று கோப்பைகளை எடுத்து வைக்கிறாள், நான் மூன்றிலும் ஊற்றுகிறேன், மூன்றாவதை அக்காவின் நாற்காலிக்கு முன்னே நகர்த்துகிறோம், பச்சைக்கல் வளையல் இப்போது சியூ லிங்கின் கையில், மூடியில் ஒருமுறை தட்டுகிறது. எடுத்து வாயில் வைக்கிறேன், மழையில் திறந்த மரப் பீரோ, அதற்கு அடியில் பாக்கு, அதற்கும் அடியில், ஆமாம், இருக்கிறது, திருப்பிக் கொடுக்காது என்றாரே கடைக்காரர், இருபத்தொன்பது வருஷத்து வெயில் தொண்டையில் மெல்லச் சுடுகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, துடைத்துக்கொள்ளாமல் இன்னொரு வாய் குடிக்கிறேன், முதல் தண்ணீர் கீழே போகிறது, என் தொண்டையின் வழியாக, ஒரு சொட்டும் சிந்தாமல்.