கணக்கில் எடுக்கவில்லை

"அழிக்காத! அழிக்காத!" என்று சித்தப்பா கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார்.

அவளுடைய விரல் விசைக்கு மேலே அப்படியே நின்றது. கணினித் திரை முழுவதும், மேலிருந்து கீழ்வரை, ஒரே எழுத்து நிரம்பியிருந்தது. ம்ம்ம்ம்ம்ம்ம். காலையில் அம்மா காபியோடு வந்து பார்த்தபோது அப்பாவின் தலை விசைப்பலகைமேல் கிடந்திருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. பக்கங்களை எண்ணினால் தெரிந்துவிடும், ஆனால் எண்ணுகிற மனநிலையில் அவள் இல்லை.

"கடைசியா என்னமோ எழுத வந்திருக்காரு," என்றார் சித்தப்பா. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "'ம'ல ஆரம்பிக்குது பாரு. மகளேன்னு எழுத வந்திருக்கணும்."

"இல்ல சித்தப்பா. அது நெத்தி."

சித்தப்பாவுக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி திரும்பிக்கொண்டார். அப்பாவின் தம்பி அவர். அண்ணனை மேதை என்று இந்த உலகத்தில் நம்பிய இரண்டு பேரில் ஒருவர். இன்னொருவர் ஜன்னலோரம் கட்டிலில், கழுத்துவரை வெள்ளைப் போர்வையோடு படுத்திருந்தார்.

அவளுக்கு அந்த எழுத்தில் வியப்பு எதுவும் இல்லை. சாப்பிட வர்றீங்களா, ம். பள்ளிக்கூடத்துல வரச் சொல்றாங்க, ம். அம்மாவுக்குக் காய்ச்சல், ம். இருபது வருடமாக வாயால் சொன்னதைத்தான் மனிதர் கடைசியில் எழுத்தாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தெருமுனை டாக்டர் வந்து, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயாயிற்று. வேன் இரண்டு மணிக்கு வரும். அதற்குள் கூடத்தில் நாலு பேர் நிற்க இடம் வேண்டும். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது இந்த மேசை. அதன் வயர் தரையோடு தரையாக ஓடி, வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் இருந்த பிளக்கில் போய் முடிந்தது. வீட்டில் ஆடாத, தீப்பொறி பறக்காத ஒரே பிளக் அதுதான் என்று அப்பா கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் கண்டுபிடித்தவற்றில் உருப்படியானது அது ஒன்று.

"புடுங்கிட்டு மேசைய உள்ள தள்ளிடலாம்," என்றாள் அவள்.

"ஐயோ, புடுங்கவா? இன்னிக்கு எத்தனாவது நாள் தெரியுமா உனக்கு? தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஒண்ணு. இன்னும் ஒம்பதே நாள்மா."

விஷயம் இதுதான். அப்பா அச்சகம் ஒன்றில் கணினிப் பிரிவில் இருந்தார். முப்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள், அடுத்தவன் செய்த இயந்திரத்தில் அடுத்தவன் எழுதிய நிரலை ஓட்டிக்கொண்டிருப்பது அடிமை வேலை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரில் ஒரு அட்டை ஒட்டினார். இருபதாண்டுத் திட்டம். முதல் ஐந்து ஆண்டில் சொந்தமாக ஒரு நிரல் மொழி. அடுத்த ஐந்தில் அந்த மொழியில் சொந்தமாக ஒரு இயங்குதளம். மூன்றாவது ஐந்தில் அது ஊரெல்லாம் பரவும். நான்காவது ஐந்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட்டிருந்தார். இயங்குதளத்துக்கு அடித்தளம் என்று பெயர். "அடித்தளமே இருபது வருஷமா போட்டுக்கிட்டு இருக்காரே, வீட்ட எப்பக் கட்டுவாராம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். அதன்பின் அப்பா அவரோடு பேசவில்லை.

அம்மா ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காரப் போனாள். இன்றுவரை உட்கார்ந்துகொண்டிருக்கிறாள்.

அடித்தளம் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் அவள் மூன்று விரலை மடக்குவாள். எழுதலாம். கூட்டிக் கழிக்கலாம். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று பார்க்கலாம். மூன்றாவதுதான் அப்பாவுக்கு முக்கியம். ஆயிரம் நாள் ஒருமுறைகூட நிற்காமல் ஓடினால் உலகத்துக்கு அறிவிப்பதாக இருந்தார். உலகத்தின் விலாசம் அவருக்கு எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை.

அவளும் நிரல் எழுதுகிறவள்தான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் செயலியில், பொத்தான்களும் படிவங்களும் இருக்கிற திரைகளை எழுதுகிற முப்பது பேரில் ஒருத்தி. தினம் ஒரு லட்சம் பேர் அதைத் தொடுகிறார்கள். வேலை கிடைத்த அன்று வந்து சொன்னபோது, அப்பா திரையிலிருந்து தலையைத் திருப்பாமல், "ஓ, பட்டன் தைக்கப் போறியா?" என்றார். அதற்குப்பின் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதுதான். "எம் பொண்ணு பட்டன் தைக்கிறா."

பத்து மணிக்கு அப்பாவின் பழைய அச்சகச் சிநேகிதர், மெய்ப்புத் திருத்துகிற பெரியவர், வந்தார். கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார். சித்தப்பா அவரைத் தோளைத் தொட்டு மேசைக்கு அழைத்து வந்தார்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தோரு நாள். ஒரு நிமிஷம்கூட நிக்கல. தனி ஆளா செஞ்சது. அண்ணன் போயும் அது ஓடிக்கிட்டு இருக்கு பாருங்க."

மெய்ப்புத் திருத்துகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திரையில் இருந்த ம்ம்ம்ம்மை வரிவரியாகப் பார்த்தார். தொழில் பழக்கம். பிறகு கேட்டார், "சரி. ஓடி எங்க போகுது?"

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் பதினாலு வருஷமா ஓடுது," என்றாள் அவள். "அதுல தண்ணியாவது ஜில்லுன்னு இருக்கும்."

பெரியவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். சித்தப்பா அவளைப் பார்த்த பார்வையில், கட்டிலில் இருப்பவரை அவளே கொன்றுவிட்ட மாதிரி இருந்தது.

முறையாக நிறுத்திவிட்டால் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியின் பஞ்சில் அப்பாவின் உருவம் குழிந்திருந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். 'நிறுத்து' என்று தட்டினாள்.

'எதை?' என்று கேட்டது அடித்தளம்.

'உன்னை.'

'தெரியாத சொல்.'

'மூடு' என்றாள். எழுதும் பக்கம் மூடி, ம்ம்ம்ம் எல்லாம் போய், வெறும் கறுப்புத் திரை வந்தது. மூலையில் மட்டும் 991. 'காட்டு' என்றதும் கோப்புகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நிறுத்துகிற கட்டளையையே மனிதர் எழுதவில்லை. கார் செய்கிறவன் பிரேக் வேண்டாம் என்று முடிவு செய்த கதை. மற்றபடி, எழுதியிருந்த விதம் அவ்வளவு மோசமில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மகா மோசமாக இருந்தால் பரிதாபப்பட்டிருக்கலாம், அற்புதமாக இருந்தால் அழுதிருக்கலாம். இது அவளுடைய அலுவலகத்தில் சேர்ந்து மூன்றாம் வருடம் ஆன ஒருவன் எழுதுகிற அளவுக்கு இருந்தது.

நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். இயந்திரம் தானாக எண்ணுகிற எண்ணோடு இன்னொரு எண்ணைக் கூட்டித்தான் திரையில் காட்டியது. அந்த இன்னொரு எண் ஒரு கோப்பில், கையால் எழுதப்பட்டிருந்தது. ஐந்நூற்று நான்கு.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அப்படியானால் உண்மையில் நானூற்று எண்பத்தேழு.

சிரிப்பு வந்தது. போட்டிக்கு ஆளே இல்லாத ஓட்டம், அதிலும் குறுக்கு வழியில் ஓடியிருக்கிறார்.

எண்ணுக்குக் கீழே மூன்று குறிப்புகள் இருந்தன. முதலாவது: 'மின்தடை. என் பிழை அல்ல. கணக்கில் எடுக்கவில்லை.' இரண்டாவது: 'வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி செத்துவிட்டது. கணக்கில் எடுக்கவில்லை.' மூன்றாவதற்கு மேலே இருந்த தேதியை அவளுக்குத் தெரியும். அம்மாவின் மணிக்கட்டு எலும்பு முறிந்த நாள். அன்றைக்குத்தான் அவள் அலுவலகக் கூட்டத்தின் நடுவே எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

'காலை 9.12. குளியலறையில் விழும் சத்தம். எழுந்தபோது வயரில் கால் தட்டி நின்றுவிட்டது. 9.34. மீண்டும் ஓடுகிறது. கணக்கில் எடுக்கவில்லை.'

அவ்வளவுதான். அதற்குப்பின் குறிப்பு இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் அம்மாவின் பாவாடை நனைந்து, தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. உதடு நீலம். "எவ்வளவு நேரம்மா கெடந்த?" என்று கேட்டதற்கு, "கூப்பிட்ட உடனே ஓடி வந்துட்டாரு, பாவம்," என்றாள் அம்மா. அந்த 'பாவம்' என்ற சொல்லுக்காகவே அவள் அப்பாவை அந்த வாரம் முழுக்கக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள். ஒரு ஆரஞ்சுகூட உரித்துக் கொடுத்தாள்.

பின்னால் சித்தப்பா புதிதாக வந்த யாரிடமோ, "ஒரு நிமிஷம்கூட நிக்கல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுந்தாள். அந்தக் கூடத்தின் நடுவில் நின்று, கட்டிலையும் வைத்துக்கொண்டு, அந்த மூன்று குறிப்பையும் உரக்கப் படிக்க வேண்டும் போலிருந்தது. படிக்கவில்லை. அம்மாவைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா படுக்கையறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கிளினிக்குக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். "பச்ச நோட்டுல இருக்கும் பாரு. மூணு மணிக்கு வேர் சிகிச்சைக்கு ஒருத்தர் வருவாரு, அவர நாளைக்கு மாத்தி விட்டுடு. கோவப்படுவாரு. பரவாயில்ல, பேசிக்கிட்டே இரு, அடங்கிடுவாரு." போனை வைத்தாள். "என்ன?"

"நீ விழுந்த அன்னிக்கு அவரு எப்பம்மா வந்தாரு?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லேன்."

"அதான் உடனே வந்தாருன்னு சொன்னேனே."

"இருபத்திரெண்டு நிமிஷம். எழுதி வெச்சிருக்காரு. முதல்ல அத எழுப்பிட்டுத்தான் உன்ன எழுப்ப வந்திருக்காரு."

அம்மா மடியில் கிடந்த துண்டை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

"இருபத்திரெண்டுதானா?" என்றாள். "நான் ஒரு மணி நேரம்னு நெனச்சிருந்தேன்."

வெளியே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"குழாய் ஓடிக்கிட்டே இருந்துச்சு," என்றாள் அம்மா. "மூடக் கை எட்டல. கதவுக்கு அந்தாண்ட தட்டுற சத்தம் கேட்டுச்சு. கதவத்தான் தட்டுறாருன்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, கீபோர்டு."

"ஏம்மா எங்கிட்டப் பொய் சொன்ன?"

"ஒனக்கு ஏற்கெனவே அவரப் புடிக்காது. அதுக்கு மேல ஒண்ணு எதுக்கு?" அம்மா எழுந்து துண்டை அலமாரியில் வைத்தாள். "வேன்காரன் வந்துட்டானான்னு பாரு."

வேன் இரண்டேகாலுக்கு வந்தது. டிரைவரும் இன்னொரு ஆளும் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து அப்பாவை மாற்றினார்கள். தலைமாட்டில் சித்தப்பாவும் மெய்ப்புத் திருத்துகிறவரும் பிடித்துக்கொண்டார்கள். மேசை இடித்தது. கட்டிலைச் சுற்றி நாலு பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வாசலுக்கு வந்தார்கள்.

"வயர்!" என்று சித்தப்பா அலறினார். "வயரப் பாத்து! யாரும் மிதிச்சுடாதீங்க!"

ஊர்வலம் நின்றது. முன்னால் இருந்த டிரைவர் குனிந்து பார்த்தார். "என்ன சார் இது, ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. ஆனா ஆடக் கூடாது. ஆடினா நின்னுடும்." சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "ஏம்மா, நீ வந்து அத உசத்திப் புடி. நாங்க அடியில போயிடுறோம்."

அவள் போய்ப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று பிறகும் அவளால் சொல்ல முடியவில்லை. வயரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, குழந்தைகள் விளையாட்டில் கயிறு பிடிக்கிறவள் மாதிரி நின்றாள். நாலு பேரும் இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. அப்பா கால்பக்கம் சரிந்தார். "பாத்து, பாத்து," என்றார் பெரியவர். மேசையில் 991 என்ற எண் அசையாமல் எரிந்தது.

அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். குனிந்திருந்த முதுகுகளைச் சுற்றிக்கொண்டு, நிலைக்கு அந்தப் பக்கம் போனாள். முறிந்து சேர்ந்த கையாலேயே பிளக்கைப் பிடித்து இழுத்தாள். இறுகிப்போயிருந்தது. ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி இழுத்தாள்.

திரை அணைந்தது. மேசைக்கடியில் இருந்த பெட்டியின் இரைச்சல் இறங்கி, இறங்கி, நின்றது. அப்படி ஒரு இரைச்சல் இத்தனை நாளும் அந்த வீட்டில் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணி!" சித்தப்பாவின் குரல் உடைந்துபோயிற்று. "என்ன அண்ணி பண்ணிட்டீங்க!"

"கால் தட்டிடுச்சு தம்பி," என்றாள் அம்மா.

பிளக் அவள் கையில்தான் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அம்மாவும் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னல் மேடையில் வைத்தாள்.

"வெயிட்டத் தூக்கிட்டு நிக்காதீங்க. போங்க."

அவர்கள் நிமிர்ந்து போனார்கள். அவள் இன்னும் வயரைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கீழே போட்டுவிட்டு அவர்கள் பின்னால் படியிறங்கினாள்.

ஸ்ட்ரெச்சரை வேனுக்குள் ஏற்றினார்கள். உள்ளே நீளவாக்கில் ஒரு பெஞ்சு இருந்தது. சித்தப்பா அதில் ஏறி, ஸ்ட்ரெச்சரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்கதவைச் சாத்தினார்கள்.

வெளியே டிரைவர் அம்மாவிடம் கேட்பது கேட்டது. "நீங்க பின்னாடி அவருகூட உக்காரலியாம்மா?"

"முன்னாடி எடம் இருக்கா?"

"இருக்கும்மா, ஆனா வெயில் அடிக்கும்."

"பரவாயில்ல."

நடுவிலிருந்த சிறு கண்ணாடி வழியாக அம்மாவின் பின்னந்தலை தெரிந்தது. ஏறி உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். பக்கவாட்டில் கையை நீட்டி, சீட் பெல்ட்டை இழுத்து, அது கிளிக் என்று மாட்டிக்கொள்ளும்வரை அழுத்தினாள்.