இடப்பக்கம் சாய்ந்த சுஷி

பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு குவபாரா வெளியே சாப்பிட வந்தது அன்றுதான். கடை வாசலில் மனைவி சுமியேவிடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னது, அதே கடைக்கு வழக்கமாகச் சாப்பிட வரும் என் காதிலும் பின்னால் விழுந்தது.

"நாலு பேர் முன்னாடி சிந்திட்டேன்னா, இனிமே என்னை எங்கயும் கூப்பிடாத."

"சரிங்க. முதல்ல உள்ள போங்க, பசிக்குது."

துறைமுகத்தை ஒட்டிய சின்னக் கடை. ஆயிரம் யென்னுக்கு, சோற்றுப் பிடி மேல் மீன் துண்டு வைத்த சுஷி எட்டும் ஒரு கிண்ணம் சூப்பும். கடைக்காரர் ஹதனாகா எங்கள் கண்முன்னே ஒவ்வொன்றாகப் பிடித்து மரப்பலகையில் வைப்பார்.

"வாங்கண்ணே. வேற கடை பிடிச்சிட்டீங்களோன்னு நினைச்சேன்."

"ஆஸ்பத்திரிக் கடைதான். உப்பே போடமாட்டான்."

முதலில் கணவாய் வந்தது. குவபாரா இடது கையால் குச்சிகளைப் பிடித்துத் தூக்கினார். சோறு ஒரு பக்கமும் கணவாய் ஒரு பக்கமுமாக விழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். துடைக்க நீண்ட சுமியேவின் கை பாதியில் நின்றது.

ஹதனாகா துடைத்துவிட்டு அடுத்ததாகச் சூரை மீன் சுஷியைப் பிடித்தார். வலது கை எடுக்கத் தோதாகச் சாய்த்து வைப்பதுதான் எப்போதும் அவர் வழக்கம். குவபாராவுக்கு மட்டும் இப்போது மறுபக்கம் சாய்த்து வைத்தார். சோற்றையும் சற்றுச் சிறிதாகப் பிடித்திருந்தார்.

குவபாராவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லாரிக்காரன் சுகுதா தன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"கையால சாப்பிட்டாத்தான் ருசி. குச்சியெல்லாம் சும்மா பந்தா."

விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நானும் குச்சியை வைத்துவிட்டேன்.

குவபாரா கொஞ்சம் தயங்கினார். பிறகு இடது விரல்களால் அந்தச் சூரையை எடுத்தார். அது முழுசாக வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மெதுவாக மென்றார்.

"மாஸ்டர், திருப்பி வச்சிருக்கீங்க."

"கை எதுவா இருந்தா என்னண்ணே, வாய் ஒண்ணுதானே."

"சோத்தையும் குறைச்சிட்டீங்க. காசு மட்டும் அதேதானா?"

"மீனைப் பெருசா வெட்டியிருக்கேன். கண்ணுக்கும் வைத்தியம் பாருங்க."

சுகுதாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. புத்தரின் கருணையைக் கோயிலில் மட்டும் தேட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். பலகையில் ஒரு துண்டு மீனைத் திருப்பி வைப்பவரிடமும் அது இருக்கிறது.

எட்டையும் முடித்துவிட்டு, சூப்பையும் ஒரு கையாலேயே ஏந்திக் குடித்தார் குவபாரா.

"நாளைக்குக் கானாங்கெளுத்தி வருமா மாஸ்டர்?"

"வரும்."

"நாளைக்கு நான் பல் டாக்டர்கிட்ட போகணுங்க," என்றாள் சுமியே.

"நீ போயிட்டு வா. நான் தனியா வந்துக்கறேன்."