பாலைவனத்தில் வெள்ளம்

தோவாளையில் ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்வதைவிட, மல்லிகைப்பூவை மடியில் கட்டிக்கொண்டு மணக்காமல் நடப்பது லேசு. அந்த ஊரில் கணபதியப்பன் இரண்டு வருஷம் நாலு மாசம் தாக்குப்பிடித்தார் என்றால் மனிதரைக் கொஞ்சம் மெச்சத்தான் வேண்டும்.

ஊருக்கு அவர் பள்ளிக்கூடத்தின் தற்காலிகத் தலைமையாசிரியர். நெற்றியில் பட்டை, கையில் பிரம்பு, வாயில் தேவாரம். மெட்ராஸிலிருந்து புதன்கிழமைதோறும் பஸ்ஸில் வந்திறங்கும் ஒரு பத்திரிகைக்கு மட்டும் அவர் ‘ஒட்டகதாசன்’. அதில் வாராவாரம் வந்த ‘மணல்பட்டணத்து மர்மங்கள்’ என்ற துப்பறியும் தொடர் அவர் கைவேலை. நாளொரு மாடியும் பொழுதொரு பாங்குமாக வளரும் ஒரு பாலைவன நகரம். அங்கே வாரம் தவறாமல் விழும் பிணங்கள். ஒவ்வொரு பிணத்துக்கும் ஓடிவந்து மூக்கை நுழைக்கும் துப்பறியும் சந்திரசூடன். அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடும் ஹோட்டல்காரி ஜமீலா.

கணபதியப்பன் பாலைவனத்தைக் கண்டது கிடையாது. ஆரல்வாய்மொழியைத் தாண்டிக் கிழக்கே போனதே ரெண்டு தடவைதான். அதில் ஒரு தடவை வயிறு கலங்கிப் பாதி வழியில் திரும்பிவிட்டார். பஹ்ரைனில் எண்ணெய்க் கம்பெனியில் வேலைபார்க்கும் பழைய கூட்டுக்காரன் ஜான்ரோஸின் கடிதங்கள்தாம் அவருடைய பாலைவனம். “காலையில நான் ஒண்ணுக்கிருந்த இடத்தில சாயங்காலம் ஒரு கட்டடம் நிக்கு மக்கா. நாளைக்கு எங்க போக?” என்று ஜான்ரோஸ் ஒரு தடவை எழுதியிருந்தான். அந்த ஒற்றை வரியை வைத்து ஏழு மாடியும் மூன்று கொலையும் எழுப்பினார் கணபதியப்பன். மிச்சமெல்லாம் கைச்சரக்கு. அதனால் ஜமீலா வைக்கோல்போரிலிருந்து உருவி ஒட்டகத்துக்குப் போட்டாள். பாலைவனத்தில் ஏது வைக்கோல்போர் என்று தோவாளையில் ஒருவரும் கேட்கவில்லை. மாடு நின்றால் பக்கத்தில் போர் நிற்கும்; ஒட்டகமும் ஒருவகையில் மாடுதானே.

ஒளிந்து எழுதக் காரணம் பள்ளிக்கூட மேனேஜர் நாராயணபெருமாள். துப்பறியும் கதை என்றால் அவருக்கு எலி செத்த நாற்றம். அவற்றைப் படிக்கிற, வைத்திருக்கிற, அவற்றைப் பற்றிப் பேசுகிற வாத்தியாருக்கு அன்றே வேலை போகும் என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். அதை நல்ல தமிழில் எழுதிக்கொடுத்தவர் கணபதியப்பன். பிடிபட்ட பத்திரிகைகளைப் பள்ளி முற்றத்தில் போட்டுக் கொளுத்தியவரும் அவரே. கொளுத்துமுன் தன் பக்கங்களை மட்டும் கிழித்துச் சட்டைக்குள் செருகிக்கொள்வார்.

மூன்று வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த ‘தற்காலிக’த்தை வரும் வெள்ளிக்கிழமை மேனேஜர் எடுத்துவிடுவதாகப் பேச்சு. கணபதியப்பன் மனைவி அழகியநாயகியோ, எடுத்தாயிற்று என்று பிறந்த வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆகவே எடுத்தே ஆகவேண்டும். டிராயிங் மாஸ்டர் சுந்தர்சிங் அதற்கும் ஒருபடி மேலே போய், ‘கணபதியப்பன், தலைமையாசிரியர்’ என்று பலகையே எழுதிக் கொடுத்துவிட்டார். ‘ழ’வை மட்டும் சுழித்துச் சுழித்து அழகாகப் போட்டுப் பழகிய கை. பேரில் ‘ழ’ இல்லையே என்று அவருக்கு வருத்தம்.

இந்த நிலையில்தான் புதன்கிழமை வெள்ளம் வந்தது.

பஸ் நேரம் பார்ப்பவர்போலப் பெட்டிக்கடை முன்னால் நின்ற கணபதியப்பன், தொங்கிய பத்திரிகையின் அட்டையைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டார். மணல்பட்டணம் முழுகிக் கிடந்தது. ஏழு மாடியில் ஆறு மாடி தண்ணீருக்குள். ஒட்டகங்கள் நீந்தின. மேலே சிவப்பில் கொட்டை எழுத்து: ‘பாலைவனத்தில் வெள்ளமா? வணிகரின் கடைசி வார்த்தையில் என்ன மர்மம்?’

அவர் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: கத்திக்குத்துப்பட்ட வணிகர் நெஞ்சு வறண்டு, “வெள்ளம்... வெள்ளம்...” என்கிறார். உயிர் போகிறது. குடிக்கத்தான் கேட்கிறார், பாவம். தோவாளையில் அதற்குத் தண்ணீர் என்பார்கள். மேற்கே கல்குளம், விளவங்கோடு என்று போகப்போக அது வெள்ளமாகிவிடும். கணபதியப்பன் மேற்கே சிதறாலில் பிறந்தவர். கல்யாணமாகித் தோவாளைக்கு வந்த முதல் பந்தியில், “கொஞ்சம் வெள்ளம்” என்று கேட்டுவிட்டார். மச்சினன்மார், “எந்தக் குளம் உடைஞ்சுது?” என்று இலையை விட்டு எழுந்து ஓடிக் காட்டினார்கள். அன்று அந்த வார்த்தையை நாக்கிலிருந்து வழித்து எறிந்தவர், பேனாவிலிருந்து வழிக்க மறந்துபோனார். மெட்ராஸ் பத்திராதிபருக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது. மாபெரும் துப்பு என்று எண்ணிப் படம் போடவைத்துவிட்டார்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டுத் தாணம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். பூக்கட்டி விற்கிறவள். வாராவாரம் மணல்பட்டணத்தை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்து, தன் முற்றத்தில் பூக்கட்ட வரும் பெண்களுக்கெல்லாம் கொலைக்கலை புகட்டியவள். இப்போது அவர்கள் கூடையோடு சந்தைக்குப் போய்விட்டார்கள். ஆள் தனியாக இருந்தாள்.

“சாரே, இஞ்ச ஒண்ணு வந்திட்டுப் போங்க.”

“பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு.”

“பள்ளிக்கூடம் எங்க ஓடிரப் போவுது? இந்த மெட்ராஸ்காரனுவளுக்கு மூளை கீளை உண்டா? சாவப்போற மனுசன் குடிக்க வெள்ளம் கேக்காரு. இவனுவ ஒட்டகத்துக்கு நீச்சல் பழக்கிட்டு இருக்கானுவ.”

“இந்தக் குப்பையெல்லாம் நான் படிக்கதில்ல.”

“எழுதின ஆளு எதுக்குப் படிக்கணும்?”

கணபதியப்பன் குடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். பிறகு மறுபடி வலது கைக்கே மாற்றினார்.

“வெள்ளம்னு எழுதினவன் மேற்கத்தியான்” என்று தாணம்மாள் விரலை மடக்கினாள். “நம்ம ஊர்ல எழுத்து தெரிஞ்ச மேற்கத்தி ஆளு ரெண்டே பேரு. சுந்தர்சிங் சாரு பைபிளைத் தவிர அச்சுல உள்ள எதையும் தொடமாட்டாரு. பொறவு நீங்க. கதையில கொள்ளைக்காரன் போய் ஒளிஞ்சானே ஒரு மலை... ரெண்டு பாறைக்கு நடுவுல நுழைஞ்சா வரிசையாக் கல்லுச் சாமிய, மேல ஒரு சுனை. அது உங்க சிதறாலுல்லா? உங்க மறுவீட்டுக்கு வந்தப்ப ஏறினேன். முட்டுவலி இன்னைக்கும் போகல்ல.”

“தாணம்மக்கா,” என்றார் கணபதியப்பன். “நாளைக்கு மேனேஜரு...”

“அறிவேன். ஊரே அறியும். அழகியநாயகிதான் சொல்லிட்டாளே.”

“உங்களுக்கு இப்ப என்ன வேணும்?”

தாணம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “ஜமீலாவா கொன்னது?”

கணபதியப்பன் குடைக்கம்பிகளை எண்ணத் தொடங்கினார். ஜமீலாதான். அந்த அத்தியாயம் சனிக்கிழமையே தபாலில் போய்விட்டது.

“படுபாவி!” தாணம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ரெண்டு வருஷமா அந்தச் சந்திரசூடன் பயலுக்கு வடிச்சு வடிச்சுக் கொட்டினாளே! கைநனைச்ச வீட்டுமேல பழி போடுவானா ஒருத்தன்? இன்னா பாருங்க சாரே, நாளைக்குக் காலம்பற மேனேஜர் வீட்டுக்குச் சாமிப்பூ கொண்டு போறது நான். அந்தக் கூடையில பூவோட வேற என்னெல்லாம் போவும்னு சொல்ல முடியாது.”

அன்று தலைமையாசிரியர் லீவு. தோவாளைத் தபாலாபீசில் தந்தி கொடுத்தால் மத்தியானத்துக்குள் அது கோயில் மேளமாகிவிடும் என்பதால் பஸ் பிடித்து நாகர்கோவில் போனார். ‘ஜமீலா கொலை செய்யவில்லை. வேறு ஆளைப் போடவும்.’ தந்தியை வாங்கிய குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“இது போலீஸ் கேஸா சாரே?”

“குடும்ப விஷயம்” என்றார் கணபதியப்பன்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வீட்டு முன்னறையில், மேசைமேல் இரண்டு காகிதங்கள் கிடந்தன. தாணம்மாள் வாசலோரம் கூடையை வைத்துக்கொண்டு, கட்டி முடித்த சரத்தையே மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இரியும்வே” என்றார் நாராயணபெருமாள். “ஒட்டகதாசன்னு ஒரு பய எழுதுகானே, அவன் ஆருன்னு தெரியுமா?”

“தெ... தெரியாது.”

“நம்ம பள்ளிக்கூடத்து வாத்தியான்! பள்ளிக்கூட வாசல் தபால்பெட்டியிலேருந்து வாராவாரம் மெட்ராஸுக்குத் தடிச்ச கவர் ஒண்ணு போகுதுன்னு போஸ்டு மாஸ்டர் சொன்னாரு. நானே இந்த வாரத்தைப் பாத்தேன். படிக்கல்ல வே, பரிசோதிச்சேன். வெள்ளம்னு எழுதியிருக்கான். வெள்ளம்னு சொல்லுகவன் நம்ம பள்ளிக்கூடத்தில ஆரு? ஒரு நாளைக்கு நாப்பது தடவ பானைகிட்ட நின்னு வெள்ளம், வெள்ளம்னு கேக்கது ஆரு?”

“சுந்தர்சிங்” என்று கணபதியப்பனின் வாய் தானாகச் சொல்லிற்று.

“பாத்தீரா! இது அவனை வேலையை விட்டு நீக்குகதுக்கு. தலைமையாசிரியர் ஒப்பு வேணும். இது உம்மைத் தலைமையாசிரியரா நிரந்தரம் பண்ணுகதுக்கு. இதில நான் ஒப்புப் போடுகேன், அதில நீரு போடும். ஒரே மையில ரெண்டு காரியம்.”

மேனேஜர் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். மூன்று வருஷத் ‘தற்காலிகம்’ மேசைமேல் செத்துக் கிடந்தது. கணபதியப்பன் பேனாவை வாங்கினார். பலகையில் இல்லாத ‘ழ’வுக்காக வருத்தப்பட்ட மனுசன் ஞாபகத்துக்கு வந்தார். தேவாரம் சொல்லிப் பார்த்தார், முதலடியே வரவில்லை. எச்சில் விழுங்கப் பார்த்தார். வாயில் எச்சில் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏழு மாடிக் கட்டடத்தில் செத்த வணிகருக்கு என்ன நேர்ந்தது என்று அதை எழுதியவருக்கு அப்போதுதான் விளங்கியது.

“கொஞ்சம் வெள்ளம் தாருங்க” என்றார்.

வாசலில் பூச்சரம் கீழே விழுந்தது.

“என்னது?” என்றார் மேனேஜர்.

“வெள்ளம். குடிக்க. சிதறால்ல நாங்க அப்பிடித்தான் கேப்போம்.” பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். “சுந்தர்சிங்குக்குக் கோடு நேரா போடத்தான் தெரியும். கோணலா ஒண்ணும் வராது. ஒட்டகதாசன் நான்தான்.”

நாராயணபெருமாள் வாயைத் திறக்குமுன், உள்ளேயிருந்து அவர் மனைவி செம்பும் தண்ணீருமாக ஓடிவந்தாள். நல்ல வேகம், பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

“இன்னா, குடியுங்க சாரே. ஆரு கொன்னது? ஜமீலாவா?”

“இல்லக்கா” என்றாள் தாணம்மாள் வாசலிலிருந்து. “அதை நான் பேசி முடிச்சாச்சு.”

மேனேஜர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பூவுக்கடியில் பத்திரிகை ஓரம் எட்டிப்பார்த்த கூடையையும் ஒரு தடவை பார்த்தார். ரெண்டு வருஷமாக வீட்டில் பூ ஏன் அவ்வளவு கனமாக வந்து இறங்கியது என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்திருக்க வேண்டும். இரண்டு காகிதங்களையும் சேர்த்துக் கிழித்தார். பிறகு கணபதியப்பனுக்குச் சீட்டுக் கிழிப்பதற்காகச் சுற்றறிக்கையை எடுத்துவரச் சொல்லி மூன்று தடவை வாசித்தார். படிக்கிற என்று இருந்தது. வைத்திருக்கிற என்று இருந்தது. பேசுகிற என்றும் இருந்தது. எழுதுகிற என்று எங்கேயும் இல்லை. அது மறதியா, இல்லை அப்போதே விட்டுவைத்த ஓட்டையா என்பதில் தோவாளை இன்றைக்கும் இரண்டு கட்சி.

வேலை தப்பியது, பதவி போயிற்று. சர்வீசில் அடுத்தவர் என்பதால் சுந்தர்சிங் தற்காலிகத் தலைமையாசிரியரானார். பழைய பலகையைச் சுரண்டித் தன் பேரையே எழுதவேண்டி வந்ததில் அவருக்குச் சங்கடம்; அதிலும் ‘ழ’ இல்லை. அழகியநாயகி ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் பிறந்த வீட்டுக்குப் போய், தலைமையாசிரியர் வேலையெல்லாம் ஆர் வேணாலும் பார்ப்பார்கள், ஒட்டகதாசன் ஆக முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த புதன்கிழமை பத்திரிகை வந்தது. கணபதியப்பன் இந்தத் தடவை தூணெல்லாம் பிடிக்காமல், எல்லாரும் பார்க்க வாங்கினார். தந்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஜமீலா தப்பித்துவிட்டாள். ஆனால் வேறு ஆள் கைவசம் இல்லாத பத்திராதிபர், படத்துக்கு ஆன மை வீணாகவேண்டாமென்று, கொலைப்பழியை வெள்ளத்தின் தலையிலேயே கட்டிவிட்டார். மலையில் மழை பெய்து வெள்ளம் வந்ததாம்; யாருடையதோ ஒரு கத்தி அதில் மிதந்து வந்து, மாடி ஏறி, வணிகரைக் குத்தியதாம். சாகும்போது வணிகர் கொலையாளியின் பேரைத்தான் சொன்னாராம்.

தாணம்மாள் வாசித்து முடித்துவிட்டு வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

“கத்தி எங்கயாவது மிதக்குமா சாரே?”

“மிதக்காதுதான்.”

“போட்டும். ஜமீலா பொழைச்சாளே” என்றாள் அவள். “இனி அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பாருங்க.”