ஏரி மாற்றம்

எங்கள் தெருவில் கஞ்சத்தனத்துக்குப் போட்டி வைத்தால் வெண்டல் டிரஸ்காட்டுக்குத்தான் முதல் பரிசு. கோப்பை கொடுத்தால் மறுநாளே விற்றுவிடுவார். இரண்டாவது இடம் எதிர்வீட்டு ரைமோ ஹக்கலாவுக்கு. இந்த இரண்டு பேருக்குமென்றே போட்டதுபோல அந்த வருஷம் அரசாங்கம் ஒரு தூண்டில் போட்டது: விடுமுறைக்கு ஃப்ளோரிடாவுக்கு ஓடாதீர்கள், நம் ஒன்ராறியோ மாகாணத்துக்குள்ளேயே எங்காவது போய்த் தங்குங்கள், வாடகையில் ஒரு பங்கை வரியில் கழித்துத் தருகிறோம். டிசம்பர் முடியும்வரைதான்.

இரண்டு பேருக்கும் வயிற்றெரிச்சல். எங்கள் ஊர் சட்பரியில் பாதிப் பேரைப் போல இவர்களுக்கும் ஆளுக்கொரு ஏரி வீடு உண்டு. சொந்த வீட்டில் தங்கினால் சலுகை கிடையாதாம்.

"அப்ப நீ என் வீட்ல தங்கு, நான் உன் வீட்ல தங்கறேன். ஆளுக்கொரு ரசீது, முடிஞ்சுது கதை" என்றார் வெண்டல்.

"என் வீட்ல நீராவிக் குளியல் இருக்கு. உன் வீட்ல எலிதானப்பா இருக்கு?"

"எலிக்குத் தனியா வாடகை கேக்க மாட்டேன், போ."

நான் ஒன்றும் ஒட்டுக்கேட்கவில்லை. என் தபால்பெட்டி அங்கேதான் இருக்கிறது. அன்று மூன்று தடவை திறந்து பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள்தான் வெண்டல் வீட்டார் ரைமோவின் ஏரிக்குக் கிளம்பினார்கள். அந்தக் குளிர்காலம் ஏரிகள் தாமதமாகத்தான் உறைந்தன. வெண்டலின் மனைவி நோரீன் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது அவள் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

"அந்த ஏரி எனக்குப் பழக்கமே இல்ல மெர்ல். கிறிஸ்துமஸ் அன்னிக்கு மழை வேற பெஞ்சுது. ஐஸ் தாங்குமா?"

"அவர்கிட்ட சொல்லேன்."

"சொல்லாமலா? 'ரைமோ நேத்தே போய் மரம் நட்டு வச்சிட்டான், வாய மூடிட்டு வா'ங்கறாரு."

மற்றவர்கள் தூக்கிப்போட்ட கிறிஸ்துமஸ் மரங்களை எடுத்துப்போய் உறைந்த ஏரியில் வழி அடையாளத்துக்கு நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் தலையாட்டினேன். பின்னால், பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபைலைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர்கள் வண்டி தெருமுனையில் திரும்பியது.

அரைமணி கழித்து ஒரு தட்டு வெண்ணெய்ப் பணியாரத்தோடு ரைமோ வீட்டுக்குப் போனேன். இவர் மட்டும் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று தெரிய வேண்டாமா?

"உங்க ஏரியில ஐஸ் எப்படி இருக்கு ரைமோ?"

"வீடு வரைக்கும் ரோடு கிடையாது, ஐஸ்மேலதான் போகணும். கரையோரம் கெட்டியா இருக்கு. தீவுப் பக்கம் அடியில நீரோட்டம், எப்பவுமே மெலிசு. அங்க அஞ்சு மரம் நட்டிருக்கேன்."

"ஓ, அந்த வழியா ஓட்டிட்டுப் போகணுமா?"

வாய் நிறையப் பணியாரத்தோடு சிரித்தார். "உனக்கென்ன பைத்தியமா மெர்ல்? கிட்டவே வராதேன்னு சொல்றதுக்குத்தான் மரம். எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க ஏரியில அப்படித்தான்."

வெண்டலின் ஏரிக்கு நான் போயிருக்கிறேன். அங்கே நல்ல ஐஸில்தான் மரம் நடுவார்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஓட்டுவார்கள். வெண்டல் நாற்பது வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறார்.

அதைச் சொன்னேன். ரைமோ மென்றுகொண்டிருந்ததை விழுங்கவில்லை.

"ஓரமாப் போன்னு சொன்னீங்கல்ல?"

"மரம் இருக்கு, பாத்துப் போன்னேன்."

வெண்டலின் போன் அடிக்கவே இல்லை. அந்த ஏரிப் பக்கம் சிக்னல் கிடையாது. ரைமோ ஏணியையும் கயிற்றையும் வண்டியில் எறிந்தார். கூப்பிடாமலே நானும் ஏறிக்கொண்டேன். பெட்ரோல் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அந்த மனிதர் வண்டி ஓட்டியதை அன்றுதான் பார்த்தேன். போகிற வழியில், சிக்னல் இருந்த கடைசி இடத்தில், அவசர உதவிக்குச் சொன்னோம். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

வெண்டலின் வண்டி கரையில் காலியாக நின்றது. ஸ்னோமொபைலின் தடம் கொஞ்ச தூரம் கரையோரம் போய், தீவைக் கண்டதும் ஏரிக்குள் திரும்பியிருந்தது. முதல் மரம். இரண்டாவது. மூன்றாவது. அதற்கப்பால் மீதி இரண்டு மரங்களையும் காணோம். கறுப்புத் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஸ்னோமொபைலுக்குப் பின்னால் கட்டி இழுத்த சறுக்குப் பலகை மட்டும் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. அதற்கு இப்பால் நோரீன் ஐஸ்மேல் குப்புறப் படுத்திருந்தாள்.

"நோரீன்!"

தலையை மட்டும் தூக்கினாள். "வராதீங்க! எல்லாம் விரிசல் விடுது!"

"வெண்டல் எங்கம்மா?"

"மரத்தைப் பாத்துத்தானே போனாரு... எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்."

ரைமோ ஏணியை ஐஸ்மேல் கிடத்தி, இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனியை என் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றால் ஊர்ந்து தள்ள ஆரம்பித்தார். கெட்டித்துணி கிழிகிற மாதிரி அடியிலிருந்து ஒரு சத்தம் நீளமாக ஓடியது. அவர் நின்றார். மறுபடி ஊர்ந்தார்.

"நோரீன், தூங்கிடாத! பேசிட்டே இரு!" என்று கத்தினேன்.

பேசினாள். எங்களிடம் இல்லை. முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, வெண்டலிடம்.