தங்க ஓரக் கோப்பையில் ஒரு டீ

எகிப்தின் தும்யாத் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு தச்சன் மேல்தான் விழ வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலேயே ரிஃபத் பேர்போன தச்சர்; மேஸ்திரியை எங்கள் ஊரில் 'உஸ்தா' என்போம், எல்லாருக்கும் அவர் உஸ்தா ரிஃபத். எத்தனையோ கல்யாணப் பெண்களுக்குக் கட்டிலும் நாற்காலியும் செய்து கொடுத்த மனுஷன், தன் கல்யாணத்துக்குத் தானே ஒரு கண்ணாடி அலமாரி செய்தார். உச்சியில் திராட்சைக்கொடி செதுக்கி, நாலு கண்ணாடிக் கதவு வைத்து, மூன்று மாதம் இழைத்த அலமாரி. அதன் சாவி இருபத்தாறு வருஷமாக அவர் மனைவி நவாலின் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. செய்தவருக்கே திறக்க அனுமதி இல்லை. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இதே நியாயம்தான்.

அலமாரிக்குள் பன்னிரண்டு கோப்பைகள். வெள்ளை வெளேரென்று, காகிதம் மாதிரி மெல்லிசாக, விளிம்பில் தங்கக் கோடு போட்டவை. நவாலின் அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது வாங்கி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து மகளுக்குச் சீராகக் கொடுத்தது. மாதம் ஒரு முறை நவால் அவற்றை வெளியே எடுத்துத் துடைப்பாள், எண்ணுவாள், உள்ளே வைத்துப் பூட்டுவாள். அதோடு சரி.

ரிஃபத் அதையெல்லாம் பெரிதாக நினைத்ததே இல்லை. பிப்ரவரியில் மகள் ரீஹாமைப் பெண் கேட்டு மன்ஸூராவிலிருந்து ஆட்கள் வந்தார்களே, அன்றுதான் வினை பிடித்தது. மாப்பிள்ளை ஹாஸிம், அவன் அம்மா, அப்பா, சித்தி, சித்தப்பா என்று எட்டுப் பேர். நவால் அலமாரியைத் திறந்துவிட்டாள்! ரிஃபத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டுக் கோப்பை போயிற்று. ஒன்பதாவது, வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரருக்குப் போயிற்று. மிச்சம் மூன்று இருக்கிறதே என்று ரிஃபத் கையை நீட்டினார். அவர் கையில் வந்து உட்கார்ந்தது வழக்கமான கண்ணாடி டம்ளர்.

எல்லாரும் போன பிறகுதான் தெரிந்தது, அந்த மீசைக்காரர் வேன் டிரைவர்.

"டிரைவருக்குத் தங்கக் கோப்பை, பொண்ணோட அப்பனுக்கு டம்ளரா?"

"அவரு விருந்தாளிங்க. நீங்க வீட்டு ஆளு. வீட்டு ஆளுக்கு எதுக்கு?"

"அவன் பாதி டீயை மிச்சம் வச்சுட்டுப் போயிருக்கான்டீ!"

"கோப்பையை உடைக்காம வச்சுட்டுப் போனாரே, அது போதும். உங்க கையில குடுத்தா பதினொண்ணுதான் மிஞ்சும். பதினொண்ணுக்கு செட்டுன்னு பேரா? கல்யாணத்தோட இது மொத்தமா ரீஹாமுக்குப் போகுது. அதுவரைக்கும் அது பக்கமே வராதீங்க."

அப்போது பிடித்தது மனுஷனுக்கு ஒரு பிடிவாதம். மகளோடு அந்தக் கோப்பைகள் வீட்டை விட்டுப் போவதற்குள் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு டீ அதில் குடித்துவிட வேண்டும். ஐம்பத்து மூன்று வயசில் இது என்ன ஆசை என்று நீங்கள் சிரிக்கலாம். டிரைவருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காமல் போனால் அப்புறம் சிரியுங்கள், பார்க்கலாம்.

அதன்பிறகு வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் ரிஃபத் அலமாரியைக் காட்டினார். மார்ச்சில் அவர் சிகரெட்டை விட்டு நாற்பது நாள் ஆனது. "இதுக்கு ஒரு கோப்பை குடுக்கலாம்ல?" என்றார். "நாற்பத்தோராம் நாளு என்ன நடக்குதுன்னு பார்ப்போம்" என்றாள் நவால். நாற்பத்தோராம் நாள் பட்டறைக்குப் பின்னால் புகை வந்தது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவோம்.

வசந்தப் பண்டிகைக்குக் குடும்பத்தோடு ராஸுல்பர் கடற்கரைக்குப் போனார்கள். கூடை நிறைய உப்பில் ஊறின ஃபஸீக் மீன், வெங்காயத்தாள், ரொட்டி. மகன் ஷாதி கடலில் ஒரு செருப்பைத் தொலைத்தான். அதைத் தேடப் போன ரிஃபத் தன் செருப்பில் ஒன்றைத் தொலைத்தார். அப்பனும் மகனும் ஆளுக்கு ஒற்றைச் செருப்போடு வந்ததைப் பார்த்து நவால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று நம்பி, வீட்டுக்கு வந்ததும் ரிஃபத் கேட்டார்.

"அந்த மீன் நாத்தத்தோட என் கோப்பையில வாய வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள்.

ஜூனில் ஷாதி கணக்கில் பாஸானான். கணக்கு வாத்தியாரே நம்ப முடியாமல் ஃபோன் செய்தார். நவால் மாடிப்படியில் நின்று குலவையிட்டாள், அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்பத் போயிற்று. அதுவும் டம்ளரில்தான். ஜூலையில் ரிஃபத்துக்கு முன்பல் கட்டினார்கள். "புதுப் பல்லுக்குப் புதுக் கோப்பை" என்று இளித்துக்காட்டினார். "டீ குடிச்சா பல்லு கறை புடிச்சுடும்" என்றாள். இவளிடம் வாய் கொடுத்து ஜெயித்த ஆள் இன்னும் பிறக்கவில்லை.

இப்படியே ஆகஸ்ட் வந்துவிட்டது. கல்யாணம் வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் சீர் சாமான்களை வண்டிகளில் ஏற்றி, மேளத்தோடு மன்ஸூராவுக்கு அனுப்ப வேண்டும். திங்கள் மத்தியானம் ரீஹாம் தையல்காரியிடம் போயிருந்தாள். நவால் கூடத்தில் பழைய செய்தித்தாளும் அட்டைப்பெட்டியுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ரிஃபத் எதிரில் வந்து நின்றார்.

"நவால். கடைசியாக் கேக்குறேன்."

"பொண்ணு புறப்படுற நேரத்துல என்னங்க சின்னப்புள்ள மாதிரி? போங்க, பட்டறையில வேலை இல்லையா?"

ரிஃபத்துக்குப் பொசுக்கென்று வந்துவிட்டது. "இந்த வீட்டுல எனக்கு ஒரு டிரைவரோட மரியாதைகூட இல்ல!" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு நாலு மாடியும் இறங்கினார். கோபம் என்றால் கோபம், அதைவிட அதிகம் வருத்தம். கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

கீழே இஸ்திரிக் கடையில் கல்யாணத்துக்கான அவருடைய கோட்டும் சூட்டும் தேய்த்து மாட்டியிருந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய், திரைக்குப் பின்னால் அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"உஸ்தா, கல்யாணம் வியாழக்கிழமைதானே?" என்றான் இஸ்திரிக்காரன்.

"அது பொண்ணுக்கு. எனக்கு இன்னிக்கு."

ஆகஸ்ட் வெயிலில் கோட்டும் டையுமாகத் தெருமுனைக்குப் போய், ஒரு பெட்டி முஷப்பக் இனிப்பு வாங்கினார். யார் வீட்டுக்கானாலும் வெறுங்கையோடு போகலாமா? வேர்த்து விறுவிறுத்து நாலு மாடி ஏறி, தன் வீட்டு மணியை அழுத்திவிட்டு, ஆம்பளை வந்திருப்பது தெரிய இரண்டு தடவை இருமினார்.

நவால் கதவைத் திறந்தாள்.

"உஸ்தா ரிஃபத் வீடு இதானேம்மா? இந்தப் பக்கம் வந்தேன், பார்த்துட்டுப் போலாம்னு."

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இனிப்புப் பெட்டியைப் பார்த்தாள். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தப் போகிறாள் என்றுதான் ரிஃபத் நினைத்தார். நவால் மெதுவாகத் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"அவரு இல்லீங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காரு. பசிச்சா வந்துடுவாரு. வாங்க, உட்காருங்க."

கதவைச் சாத்தாமல் விரியத் திறந்தே வைத்தாள். வேற்று ஆம்பளை வீட்டில் இருக்கும்போது அதுதானே மரியாதை. ரிஃபத் வரவேற்பறையில், தானே செய்த நல்ல சோபாவின் நுனியில், விருந்தாளி மாதிரி முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"டீ குடிக்கிறீங்களா?"

"ஐயோ வேண்டாம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம் என்ன, ஒரு வாய் குடிங்க."

"சத்தியமா இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்."

"சரி, அப்ப வற்புறுத்தல" என்று நவாலும் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

ரிஃபத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் வேற்று ஆம்பளை பேர் சொல்லக் கூடாதே, 'ஷாதியின் அம்மா' என்றே கூப்பிட்டார். "உம் ஷாதி! மூணாந்தடவையும் கேக்கணும்மா! ஊரு வழக்கம்னு ஒண்ணு இல்லையா?"

நவாலின் உதட்டோரம் துடித்தது. எழுந்து போனாள். திரும்பி வந்தபோது தட்டில் ஒற்றைத் தங்க ஓரக் கோப்பை ஆவி பறக்க இருந்தது. ரிஃபத் அதை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டார். உடனே குடிக்க மனசு வரவில்லை.

"உங்க வீட்டுக்காரரு எப்படிப்பட்டவரும்மா?"

"தங்கமான மனுஷன். கைதான் கோடாலி. சமையல்கட்டுல எதைத் தொட்டாலும் ரெண்டாத்தான் திரும்பி வரும்."

"அதனாலதான் அவருக்கு இந்தக் கோப்பையைக் குடுக்கலையா?"

நவால் தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"அதுக்கில்லீங்க. அவரு வாயில பொய்யே வராது. குடிச்சுட்டு, 'இவ்வளவுதானா, வெறும் டீதானே'ன்னு சொல்லிடுவாரு. அப்புறம் நான் இருபத்தாறு வருஷமா எதைக் காவல் காத்தேன்?"

ரிஃபத்துக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனை மாதமாக இவள் தன் கையைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்தால், தன் வாயைப் பார்த்தல்லவா பயந்திருக்கிறாள்!

"அந்த ஆளு கேட்டது டீ இல்லம்மா" என்றார். "வர்றவன் போறவனுக்கெல்லாம் மரியாதை பண்ற வீடு. ஒரே ஒரு நாள் தன்னையும் யாரோ பெரிய மனுஷன் மாதிரி உக்கார வச்சுப் பார்க்க மாட்டாளான்னு இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?" இதைக் கேட்டது உம் ஷாதி இல்லை, நவால்தான்.

ரிஃபத் விழித்தார். பொய் சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை. "நீ இதுல குடிச்சிருக்கியா?"

"நானா? நான் எதுக்கு?"

"போயி உனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா."

நவால் யோசித்தாள். பிறகு எழுந்து போய், பெட்டியில் சுற்றி வைத்திருந்ததில் ஒன்றைப் பிரித்து, டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். குவைத்திலிருந்து வந்த நாளாக அவள் உதடு படாத விளிம்பில் உதட்டை வைத்தாள்.

"ஆறிப்போச்சு" என்றாள்.

"மெல்லிசுல்ல, சூடு நிக்கல. நம்ம டம்ளரே தேவல."

அவ்வளவுதான், நவாலுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அதில் பாதி அழுகை. "எங்கப்பா மடியிலயே வச்சுத் தூக்கிட்டு வந்தாருங்க. அவருக்குக்கூட நான் இதுல ஒரு வாய் குடுக்கல" என்றாள். ரிஃபத் தன் கைக்குட்டையை நீட்டினார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஒரு வாய் குடித்தாள்.

படியேறி வந்த ரீஹாம், கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து ஓடி வந்தாள். கோட்டுப் போட்ட அப்பா, கண் சிவந்த அம்மா, இரண்டு பேர் கையிலும் சீர்க் கோப்பை. ஒன்றும் கேட்காமல் கூடத்துக்குப் போய்ப் பெட்டியிலிருந்த கோப்பைகளை எண்ணினாள்.

"அம்மா, பத்துதான் இருக்கு. அந்த ரெண்டையும் குடு, கழுவி வைக்கிறேன்."

நவால் தன் கோப்பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். "பத்துதான் உனக்கு."

"மாமியார் எண்ணுவாங்கம்மா! பன்னெண்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே!"

"எண்ணட்டும். கேட்டா, அப்பா ரெண்டை உடைச்சுட்டாருன்னு சொல்லு. தும்யாத்ல ஒரு குஞ்சு குளுவான்கூட சந்தேகப்படாது."

ரீஹாம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாம்மா, உடைச்சுட்டேன்" என்றார் ரிஃபத். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கோப்பையை நவாலிடம் நீட்டினார்.